நாக்கில்லாத ஷூ

பாலாற்றில் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு கணுக்கால் நனைகிற அளவுக்குத் தண்ணீர் வந்த அந்த ஆவணி மாதத்தில், வெள்ளக்கல்மேட்டு அரிசி மண்டிக்காரர் வீட்டுக் கல்யாண ஊர்வலம் காலை பத்து மணி வெயிலில் தபாலாபீஸ் முனை திரும்பியபோது, ராயல் ஸ்டார் பேக்பைப்பர் பேண்டின் முன்வரிசையில் கட்டம்போட்ட கில்ட் பாவாடையும் வெள்ளைக் காலுறையுமாக வாசித்துக்கொண்டு வந்த தனிஸ்லாஸ், தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பினார்.

முதலில் கவனித்தவர் பக்கத்தில் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்த அமீனுல்லா பாய். பேண்டின் முதலாளியும் அவர்தான். அடி தவறாமல் அடித்துக்கொண்டே, "தனிஸ், காலு கீழ இல்லப்பா" என்றார்.

பேக்பைப்பில் ஒரு வசதி உண்டு. வாயை எடுத்தாலும் பைக்குள் இருக்கிற காற்று கொஞ்ச நேரம் தானாகப் பாடும். அந்த இடைவெளியில் தனிஸ்லாஸ், "தெரியுது பாய்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊதினார்.

ஊர்வலம் நிற்கவில்லை. மண்டிக்காரரின் மைத்துனர் மட்டும் பாயின் காதருகே வந்து, இதற்குத் தனியாக ஏதாவது தர வேண்டுமா என்று கேட்டார். இன்றைக்குச் சும்மா என்றார் பாய். பாட்டு முடிந்ததும் தனிஸ்லாஸ் பழுத்த இலை இறங்குகிற மாதிரி இறங்கி, யாரோ வாங்கித் தந்த சோடாவைக் குடித்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு மறுபடி எழும்பினார்.

அந்த வாரமே ஊருக்கு அது பழகிவிட்டது. மெதுவான பாட்டுக்கு ஒரு சாண், நடைப் பாட்டுக்கு இடுப்பளவு, மனசு நிறைந்து வாசித்தால் ஆள் உயரம் என்று கணக்குத் தெரிந்த பிறகு, பந்தல்காரர்கள் தோரணத்தின் மேல் முடிச்சை, அவர் எழும்பும்போது போடட்டும் என்று விட்டுவைத்தார்கள், முடி இறக்கப் போகும் குழந்தைகளை அவர் கால்களுக்கு அடியில் ஒருமுறை நடத்திக் கூட்டிப் போனார்கள், மின்வாரியத்து லைன்மேன் ஒருவர் பதினாலு அடி மூங்கில் கழியோடு ஊர்வலத்தில் கூடவே நடந்து, கழியின் நுனிக்கு மேல் போனால் கம்பி என்று அடிக்கடி நினைவூட்டினார். பங்குச்சாமியார் அவரைக் கூப்பிட்டு, எழும்புவது பாவமில்லை, ஆனால் பூசைக்கு வாசிக்கும்போது பீடத்துச் சிலுவைக்கு மேலே போக வேண்டாம் என்று சொன்னார். பஜார் டெய்லர், யாரும் கேட்காமலேயே, கில்ட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ள முட்டி வரை வருகிற கறுப்பு டவுசர் மூன்று தைத்துக் கொடுத்தார். அதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. தனிஸ்லாஸுக்கு மட்டும் ஒரு வெட்கம் இருந்தது.

அவர் வயசுக் காலத்தில் பதினாறு வருஷம் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை செய்தவர். அந்தத் தொட்டி அவர் பாதங்களைத் தன் இஷ்டத்துக்கு வளர்த்துவிட்டது. விரல்கள் விசிறிபோல விரிந்து, சுண்டுவிரல்கள் ரெண்டும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். பஜாரில் அளவு பார்த்த கடைக்காரர், "நீளம் எட்டு, அகலம் பத்துக்கு மேல. உங்க காலு ரெண்டு கடை ஏறி எறங்கணும்" என்று சொல்லியிருந்தார். அகலத்துக்கு வாங்கினால் நீளம் தொளதொளக்கும், நீளத்துக்கு வாங்கினால் பக்கவாட்டில் கடிக்கும். அவர் போட்டிருந்தது அகலத்துக்கு வாங்கிய பழைய ஷூ. நுனியில் பேப்பர் மடித்துத் திணித்து, அதன்மேல் பஞ்சு வைத்திருந்தார். அடிப்பாகத்தில் ரெண்டு ஓட்டை. தரையில் நடந்தவரைக்கும் அந்த ஓட்டைகள் அவருக்கும் பூமிக்கும் மட்டும் தெரிந்த சங்கதியாக இருந்தன. மேலே எழும்ப ஆரம்பித்ததும் ஊர் முழுக்க அண்ணாந்து முதலில் பார்த்தது அதைத்தான். ஆயுசு முழுக்க யாருமே பார்க்காத இடத்தை இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்து, வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன் வைத்து வந்த ஒரு கல்யாணத்தில் அந்த விபரீதம் நடந்தது. மண்டப வாசலில் பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்க, தனிஸ்லாஸ் மனசு நிறைந்து வாசிக்க, ஆள் உயரத்துக்கு மேலே போன அவருடைய இடது காலிலிருந்து ஷூ கழன்று, சுற்றிச் சுற்றி வந்து, மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரத்தின் பட்டு அங்கவஸ்திரம் போட்ட வலது தோளில் விழுந்தது.

கல் விழுந்திருந்தால்கூட மன்னித்திருப்பார்கள்.

"செருப்பால அடிக்கறதுக்கா வேன் வெச்சி வரச் சொன்னீங்க?" என்றார் ஏகாம்பரம். சத்தம் போடவில்லை, அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வேனில் ஏற ஆரம்பித்தார்கள். தனிஸ்லாஸ் இறங்கி வந்து, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக, அந்த மனிதரின் முன்னால் முழங்கால் போட்டார். பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் முகூர்த்தத்துக்கு மேளம் மட்டும்தான் வாசித்தது. ராயல் ஸ்டார் ஆட்கள் ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். விழுந்த ஷூ எங்கே போனதென்று யாரும் தேடவில்லை.

அந்த மாசத்தில் மூன்று வீட்டார் பேண்ட் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"வெறுங்காலோட வாசிக்கறேன் பாய்" என்றார் தனிஸ்லாஸ்.

"கில்ட்டுக் கீழ வெறுங்காலா? குளிச்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். யூனிபார்முன்னா முழுசா இருக்கணும்." பாய் ரொம்ப நேரம் டிரம்மின் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒண்ணு செய்யலாம். தப்பா நினைக்காத. உன் பெல்ட்டுல ஒரு கயிறு போட்டு என் இடுப்புல கட்டிக்கறேன்."

பேரணாம்பட்டில் ஒரு காதுகுத்துக்கு அப்படியே வாசித்தார்கள். கயிறு இறுகும்போதெல்லாம் தனிஸ்லாஸின் குதிகால்கள் தவித்துத் தவித்துத் தரையில் விழுந்தன. பை நிறையக் காற்று இருந்தும் குழலிலிருந்து ஜலதோஷம் பிடித்த குரல்தான் வந்தது. பாதிப் பாட்டில் பாயே கத்தரி வாங்கிக் கயிற்றை வெட்டிவிட்டார். "வேணாம்டா தம்பி, ஆட்டைக் கட்டுனா மாதிரி இருக்குது" என்றவரின் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகுதான் தனிஸ்லாஸ் ஷூ தேடிப் புறப்பட்டார். ஆம்பூர் பஜாரில் தொடங்கி, வாரச்சந்தைகளில் கூறுபோட்டு விற்கிற இடங்கள் வரை, கழித்துப்போட்ட ஏற்றுமதிச் சரக்கு விற்கிற கடைகள் வரை, கில்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி, காலுக்குப் பொருந்துகிற மாதிரி, கையிலிருந்த காசுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ஜோடி கறுப்பு ஷூ கேட்டார். மூன்றில் ரெண்டு பொருந்தினால் ஒன்று பொருந்தவில்லை. உலகத்தில் பாதிப் பேர் காலுக்கு ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் தன் காலுக்கு ஒன்று இல்லை என்பதை அவர் பெரிய குறையாகச் சொல்லவில்லை. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிற மனைவி ரெஜினாவிடம் மட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நம்ம கிட்ட தோல் இருக்குது, நூல் இருக்குது, காலும் இருக்குது. ஒண்ணோட ஒண்ணு சேரத்தான் மாட்டேங்குது" என்றார்.

"கில்ட்டுக்கு எந்த மாதிரி ஷூ போடுவாங்க? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள் ரெஜினா.

அவர் போனை எடுத்து, அமீனுல்லா பாய் எப்போதோ அனுப்பிய படத்தைக் காட்டினார். ஏதோ குளிர்தேசத்தில், கில்ட் கட்டிய வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று வாசிக்கிற படம். ரெஜினா ரெண்டு விரலால் படத்தை விரித்து, கால்களுக்குக் கொண்டுபோய், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க. இது நாக்கில்லாத ஷூ."

"என்னா?"

"நாங்க தைக்கறது. மழைக்காலம் வந்தா ஒரு ஆர்டர் வரும். லேஸுக்கு அடியில பாதத்த மூடற நாக்குத் தோலே இருக்காது, வெறும் காது காதா வளையம் மட்டும் இருக்கும், லேஸு ரெண்டு முழம் நீட்டு. எந்தப் பைத்தியக்காரன் இதப் போடுவான்னு நானும் பக்கத்து மெஷின் ஃபர்சானாவும் பேசிச் சிரிப்போம். நாக்கு மறந்துட்டாங்கன்னே நினைச்சோம்." படத்தை மறுபடி பார்த்தாள். "லேஸை மேல கொண்டாந்து கெண்டைக்கால சுத்திக் கட்டியிருக்காங்க பாருங்க. கழண்டு விழாது. எங்க போனாலும் விழாது."

தனிஸ்லாஸ் போனை வாங்கி, அந்தக் கால்களைத் தானும் பார்த்தார்.

"பத்தொன்பது வருஷமா உங்க காலுக்குத்தான் தைச்சிக்கினு இருந்திருக்கறேன், தெரியாமலேயே" என்றாள் ரெஜினா.

ஆனால் கம்பெனி ஷூவின் விலை ரெஜினாவின் ரெண்டு மாசச் சம்பளம். விலை கிடக்கட்டும், அது வெள்ளைக்காரக் காலின் அளவு, குறுகலாக, மீன் மாதிரி. ஷூவை எந்தக் கட்டையின் மேல் இழுத்துச் செய்கிறார்களோ அந்தக் கட்டையின் வடிவம்தான் ஷூவுக்கு வரும். தனிஸ்லாஸின் காலைப் போல ஒரு கட்டை எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ரெஜினா மறுநாள் இதைச் சாப்பாட்டு நேரத்தில் ஃபர்சானாவிடம் சொன்னாள். ஃபர்சானா தையல் செக்‌ஷன் முழுக்கச் சொன்னாள். கட்டைக்கு மட்டும் யாருக்கும் வழி தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை காலையில் ஏகாம்பரம் வந்தார்.

வண்டியை வாசலில் நிறுத்தி, கையில் ஒரு மஞ்சள் பையோடு இறங்கினார். தனிஸ்லாஸ் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தவர், மறுபடியும் முழங்கால் போடலாமா என்று யோசிக்கிற மாதிரி நின்றார். ரெஜினா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஏகாம்பரம் உட்கார்ந்து, பையிலிருந்து அந்த இடது ஷூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என் மேல செருப்பு விழுந்துச்சேன்னு நாலு நாள் எனக்குச் சோறு எறங்கல" என்றார். "கேஸ் கொடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். அஞ்சாம் நாளு தூக்கி எறியலாம்னு வெளிய கொண்டாந்தேன். எனக்குத் தொழில் சோல் வியாபாரம், கட்டை வியாபாரம். முப்பது வருஷமா ஷூவைப் பாத்தா உள்ளதான் பார்ப்பேன், பழக்கம். உள்ள பாத்தேன்."

அவர் ஷூவைக் கவிழ்த்துக் காட்டினார். நாலாக மடித்த பேப்பர். அதன்மேல் பஞ்சு. பஞ்சின் ஓரத்தில் காய்ந்து கறுத்த ரத்தம்.

"இதப் போட்டுக்கினு என் புள்ள கல்யாணத்துக்கு ரெண்டு மணி நேரம் வாசிச்சிருக்கறீங்க."

"வாசிக்கும்போது தெரியாதுங்க ஐயா" என்றார் தனிஸ்லாஸ்.

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே" என்றார் ஏகாம்பரம். பிறகு குனிந்து, "காலைக் காட்டுங்க" என்றார்.

தனிஸ்லாஸ் பின்னால் நகர்ந்தார். "ஐயா, வேணாங்க."

"கொடுங்க. அன்னைக்குத் தோள்ல விழுந்துச்சு, இன்னைக்கு மடியில இருக்கட்டும்."

சுண்ணாம்பு தின்ற அந்தப் பாதத்தை அவர் மடியில் தூக்கி வைத்து, சட்டைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, விரலடி, நடுப்பாதம், மேல்மேடு, குதி என்று ஒவ்வொன்றாக அளந்து, ஒரு சீட்டில் எழுதினார். ரெஜினா அடுப்படிக்குப் போய் டீ போடுகிற சாக்கில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொழில் தெரிந்த கையால் தன் புருஷன் காலை ஒருவர் தொட்டது அவளுக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமைகள். ஃபர்சானா வீட்டு மாடியில், ரெண்டு தையல் மெஷின் போட்டு வீட்டாரே நடத்துகிற ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. ஏகாம்பரம் தன் கடையிலிருந்து ஒரு ஜோடிப் பழைய மரக்கட்டையைக் கொண்டுவந்து, விரல் வருகிற இடத்தில் தோலை அடுக்கடுக்காக ஒட்டி, அரத்தால் ராவி, மறுபடி ஒட்டி, தனிஸ்லாஸின் சுண்டுவிரல்கள் வெளியே பார்க்கிற அதே திசையில் கட்டையையும் பார்க்க வைத்தார். தையல் செக்‌ஷன் பெண்கள் பதினோரு பேர், வீட்டில் குழம்பை இறக்கி வைத்துவிட்டு முறை வைத்து வந்தார்கள். பஜாரில் கிலோ கணக்கில் விற்கிற வெட்டுத் தோலை வாங்கி வந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, வடுவில்லாத துண்டுகளை மட்டும் பொறுக்கினார்கள். "வயித்துத் தோல் வேணாண்டி, இழுத்துக்கினே போவும், முதுகுத் தோலா எடு" என்று ஃபர்சானா ஒவ்வொருத்தியின் கையிலிருந்தும் பிடுங்கிப் பார்த்தாள். ஒருத்தி ஓரம் மடித்தாள், ஒருத்தி துளை போட்டாள், ஒருத்தி உள்தோல் ஒட்டினாள். லேஸ் போகிற காதுகளை மட்டும் ரெஜினா யாரையும் தொடவிடவில்லை.

கம்பெனியில் ஒருத்தி தைத்தது எங்கே போகிறது, யார் காலில் ஏறுகிறது என்று ஒருத்திக்கும் தெரியாது. இங்கே அந்தக் கால் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. அது அவர்களுக்குப் புதிதாக இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது எழுந்து வந்து, "அண்ணே, வலது காலை நீட்டுங்க" என்று சும்மாவாவது ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எவ்வளவும்மா ஆச்சு?" என்று தனிஸ்லாஸ் கேட்டபோது, ஃபர்சானா தோல் வாங்கிய காசையும் ஏகாம்பரம் சோலின் அசல் விலையையும் சொன்னார்கள். ரெண்டும் சேர்ந்து ஒரு வாசிப்புச் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டது. அதை அவர்கள் வாங்கிக்கொண்டதுதான் அவருக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. கைக்கூலியைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறந்தபோது, "கம்பெனி கேட் முன்னாடி ஒரு நாள் எங்களுக்கு வாசிங்க" என்றாள் ஃபர்சானா. "ஊரெல்லாம் பாத்தாச்சு. நீங்க எழும்பற நேரம் எங்களுக்கு எப்பவும் ஷிப்ட்டு."

கார்த்திகை மாசத்து ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கம்பெனி கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் ராயல் ஸ்டார் பேண்ட் வரிசை கட்டி நின்றது. தூக்குவாளிகளோடு பெண்கள் வெளியே வந்து வட்டமாக நின்றார்கள். ஏகாம்பரம் வண்டியில் வந்து ஓரமாக நிறுத்தினார். லைன்மேன் மூங்கில் கழியோடு வந்திருந்தார். தனிஸ்லாஸ் ரோட்டோரக் கல்லில் உட்கார, ரெஜினா குனிந்து, அந்த நீண்ட லேஸைக் காதுகளுக்குள் இழுத்து, கணுக்காலுக்கு மேல் முறுக்கி, வெள்ளைக் காலுறையின் மேல் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோய், முன்பக்கம் முடிச்சுப் போட்டாள்.

அவர் எழுந்து பையை நிறைத்து ஊதினார்.

முதல் பாட்டு முடிந்தது. அவர் எழும்பவில்லை.

மெதுவான பாட்டு, அதனால்தான் என்று கூட்டம் காத்திருந்தது. ரெண்டாவதாக நடைப் பாட்டு. சத்தம் கேட்டை மோதி, புளியமரத்தை உலுக்கி, உள்ளே கேண்டீன் வரை போனது. எல்லார் கண்ணும் அவர் பாதத்தில். பளபளக்கிற ரெண்டு கறுப்பு ஷூவும் மண்ணில் தாளம் போட்டுக்கொண்டிருந்தனவே தவிர, ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அமீனுல்லா பாய் டிரம்மை அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் தனிஸ்லாஸ் வாயை எடுத்தார். பைக் காற்று மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ரெஜினா கூட்டத்தை விலக்கி வந்து குனிந்தாள். "கடிக்குதா?"

"இல்ல."

"தொளதொளன்னு இருக்குதா?"

"இல்ல ரெஜினா." அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். "ஒண்ணுமே தெரியல. காலே இல்லாத மாதிரி இருக்குது. ஒவ்வொரு விரலுக்கும் எடம் இருக்குது. சும்மா நிக்கறேன். எனக்குச் சும்மா நின்னு பழக்கமே இல்ல."

"அப்புறம் என்ன, நின்னு வாசிங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். தொட்டியிலும் ஊர்வலத்திலுமாகக் கழிந்த அத்தனை வருஷத்தில், வாசிப்புக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த வலி அன்றைக்கு இல்லை. அது இல்லாத இடமெல்லாம் பாட்டு வந்து நிறைந்தது. இந்தக் கைகள் தைத்தன, இந்தக் கைகள் ஒட்டின, இந்தக் கைகள் ராவின என்று ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பி, யாருக்கு எந்தப் பாட்டு பிடிக்குமென்று தெரியாமலேயே, தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் வாசித்தார். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சோற்றை மென்றுகொண்டே, "நல்லதாப் போச்சு. இல்லன்னா அடிக்காலத்தான் பாத்துக்கினு இருந்திருப்போம். இப்பதான் மூஞ்சி தெரியுது" என்றாள். பக்கத்திலிருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். லைன்மேன் கழியை மரத்தில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து கேட்டார். உள்ளே சங்கு ஊதியது. சூப்பர்வைசர் வெளியே வந்து கூப்பிட வாயெடுத்தவர், பாட்டு முடியட்டும் என்று நின்றுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எழும்பியதில்லை. ஊர் எழும்பியதை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படியே இதையும் எடுத்துக்கொண்டது. பந்தல்காரர்கள் ஏணிக்குத் திரும்பினார்கள். டெய்லர் தைத்துக் கொடுத்த டவுசர்களை அவர் வீட்டில் போட்டுக்கொண்டார். காரணம் ஆளுக்கொன்று சொன்னார்கள்: சோல் கனமென்று ஒருவர், கால் அதுவரைக்கும் ஷூவிடமிருந்து தப்பித்து ஓடப் பார்த்திருக்கிறது என்று இன்னொருவர். வேண்டாமென்று சொன்ன மூன்று வீட்டாரில் ரெண்டு வீட்டார் தை மாசத்துக்குத் திரும்பக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் வந்தது ஏகாம்பரத்தின் ரெண்டாவது மகள் கல்யாணம்.

கம்பெனி கேட் முன்னால் வாசித்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்த ரெஜினா, கில்ட்டோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த புருஷனின் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் காலை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு, கெண்டைக்காலில் இருந்த முடிச்சைத் தொட்டாள்.

"கழட்டட்டுமா?"

தனிஸ்லாஸ் ஷூவுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.